டக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை: சூடானால் எடுக்காத செல்ஃப்

மே 9, 2025, காலை (வந்த கேள்வி)

அண்ணே, எனக்கு மன்னார்குடி. பன்னிரண்டு வருடப் பழைய சின்ன டீசல் கார் வைத்திருக்கிறேன். காலையில் வீட்டில் சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் எடுத்துக்கொள்கிறது. கும்பகோணம் போய் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் சுற்றவே இல்லை. நாலைந்து தடவை திருப்பினால் திடீரென்று எடுக்கிறது. சில சமயம் பத்து நாளைக்கு ஒரு தொல்லையும் இல்லை. சில சமயம் ஒரே நாளில் மூன்று தடவை. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போது செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

மே 9, இரவு

இன்னும் எதையும் மாற்ற வேண்டாம் தம்பி. பேட்டரியை மாற்றியும் போகவில்லை என்றால், பேட்டரி மேல் பழி போட்டது தப்பு என்று தெரிந்துவிட்டது. அதே மாதிரி யூகத்தில் செல்ஃபையும் கழற்றினால் இன்னொரு ஐந்தாயிரம் ஆறாயிரம் போகும், கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நான் கார் மெக்கானிக் இல்லை. வலங்கைமான் பக்கம் முப்பது வருடமாகப் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். என் காரை நானே பார்த்துக்கொள்வேன், சொந்தக்காரர்கள் வண்டி வந்தாலும் பார்ப்பேன். செல்ஃப், அதாவது எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர், அதுவும் ஒரு மோட்டார்தானே.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். "டடடடட" என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். செல்ஃபின் மேல் உட்கார்ந்திருக்கிற காந்த சுவிட்ச்தான் சொலினாய்டு. அது இழுக்கும், மோட்டார் கரண்டைக் கேட்டதும் வோல்டேஜ் விழும், பிடி விட்டுப்போகும், வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்த அடி. சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், சொலினாய்டுக்குப் போகிற சின்ன வயர், இந்த வரிசையில் தேட வேண்டும். "விர்ர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் மோட்டாரை எஞ்சினோடு கோக்கிற பல்சக்கரம், பெண்டிக்ஸ், வழுக்குகிறது.

உங்களுடையது ஒரே "டக்". அதாவது சாவி சொன்னது சொலினாய்டு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் பெரிய கரண்ட் ஓடவில்லை. என் கணிப்பு, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே வருகிற எர்த் பட்டை, கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வழி. நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் அந்தப் போல்ட்டுக்கு அடியில்தான் துரு பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது.

மே 10, காலை

கணிப்பை விட்டுவிட்டு அளந்து பார்க்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்டில் வையுங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடாமல் பேட்டரியை அளந்தால் 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ வேலை செய்கிறது.

அடுத்ததுதான் முக்கியம். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈயக் குமிழிலேயே. சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2 வோல்ட் வரை வந்தால் எர்த் நல்லது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் அங்கேதான் திருடன் இருக்கிறான். இதே மாதிரி சிவப்பை பேட்டரி பிளஸ் குமிழிலும், கறுப்பை செல்ஃபில் தடித்த வயர் வந்து சேருகிற போல்ட்டிலும் வைத்தால் 0.5க்குள் இருக்க வேண்டும்.

இவ்வளவு சின்ன எண்ணைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டீசல் வண்டி செல்ஃப் 200 ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். அதே தடையில் உள்ளே எரிகிற பல்புக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் தொழிலில் இதை தினமும் பார்க்கிறோம். மோட்டார் போடாதபோது மூன்று பேஸ் லைனில் 410 வோல்ட் காட்டும். "கரண்ட் நல்லாத்தான் இருக்கு, உங்க காயில்தான் சரியில்ல" என்பார்கள். போட்டதும் 330. சும்மா நிற்கிற வோல்டேஜை நம்பி நான் எந்த மோட்டாரையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

மே 10, மதியம்

சொல்ல விட்டுப்போனது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் முழுக்க ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்து. மோதிரம், கை செயின், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு. செல்ஃபில் அந்தத் தடித்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்பானர் ஒரு பக்கம் அந்தப் போல்ட்டையும் மறுபக்கம் பாடியையும் தொட்டால் ஸ்பானரே பழுத்துவிடும். கழற்றுவதாக இருந்தால் பேட்டரி மைனஸை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஆற விடுங்கள். அது தொடர்ந்து ஓடுவதற்குக் கட்டிய மோட்டார் இல்லை.

மே 13

தம்பி இன்னும் மீட்டர் வாங்கவில்லை என்கிறார். அதற்குள் என் கதையைச் சொல்கிறேன். இது "டக்" கூட வராத வகை.

2023 மே, கத்திரி வெயில். மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெல் ஏற்றுகிற சரக்கு ரயில் முன்னும் பின்னும் போனால் அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று. எல்லோரும் எஞ்சினை நிறுத்தினார்கள், நானும் நிறுத்தினேன். கேட் திறந்தது. சாவியைத் திருப்பினேன். விளக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, சத்தமே இல்லை. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள். இரண்டு பையன்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் எடுத்துக்கொண்டது. என் மனைவி கல்யாணம் முடிகிற வரைக்கும் எஞ்சினை நிறுத்தவே விடவில்லை.

வீட்டுக்கு வந்து சொலினாய்டின் சின்ன வயரைக் கழற்றினேன். 50 என்று எண் போட்டிருக்கும். அதில் ஒரு டெஸ்ட் லைட்டைக் கொடுத்து சாவியைத் திருப்பச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. சுவிட்ச் நல்லது, வயர் நல்லது, அப்படியானால் சொலினாய்டு போச்சு என்று முடிவு கட்டினேன். புது சொலினாய்டு போட்டேன். மூன்று வாரம் கழித்து அதே மாதிரி சத்தமில்லாமல் நின்றது.

எங்கே தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. வயரைக் கழற்றிவிட்டு அந்தச் சின்ன பல்பை மட்டும் எரித்துப் பார்த்திருக்கிறேன். பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். சொலினாய்டு பத்து, இருபது ஆம்பியர் கேட்கும், சில வண்டியில் இன்னும் கூட. சாவி சுவிட்சில் கரி படிந்த ஒரு முனை பல்புக்குப் போதுமானதைக் கொடுக்கும், சொலினாய்டுக்குக் கொடுக்காது. பம்ப்செட் லைனில் ஊருக்கே நான் சொல்கிற விஷயம், காரில் நானே விட்டுவிட்டேன்.

பிறகு வயரை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, 50 போல்ட்டிலிருந்து ஒரு மெல்லிய வயரைப் பக்கத்திலேயே ஃபியூஸோடு இழுத்து டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைத் தொங்கவிட்டேன். அதன் மறுமுனை பாடியில். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அது எரியும். எட்டு நாள் கழித்து வண்டி மறுத்தபோது பல்பு எரிந்தது, ஆனால் அணையப்போகிற சிம்னி மாதிரி மங்கலாக. மீட்டர் வைத்தால் 7 வோல்ட். சாவி சுவிட்சின் பின்பக்க மின் பாகத்தை மாற்றினேன். கூடவே செல்ஃப் பக்கத்தில் ஒரு ரிலே வைத்து, சொலினாய்டுக்கு கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும்படி செய்தேன். இப்போது சாவி சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் தட்டினால் போதும்.

மே 17

தம்பி அளந்து அனுப்பியிருக்கிறார். பேட்டரி 12.6. செல்ஃப் சுற்றும்போது 10.4. எர்த் பக்கம் 0.1. பிளஸ் பக்கம் 0.3.

எல்லாமே நல்லது. ஆகவே மே 9 இரவு நான் எர்த் பட்டை என்று சொன்னது உங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது காலையில், குளிர்ந்த வண்டியில், நன்றாக எடுக்கிறபோது எடுத்த அளவு. விட்டுவிட்டு வருகிற கோளாறை, அது இல்லாத நேரத்தில் அளந்தால் நல்ல வண்டியின் அளவுதான் வரும். காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்த மாதிரி. மீட்டரை வண்டியிலேயே போட்டுக்கொண்டு போங்கள். கோளாறு வருகிற இடத்தில், அது போவதற்குள் அளக்க வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள், ஏழாவது தடவை எடுத்துக்கொண்டால் சாட்சி கலைந்துவிடும்.

மே 17, இரவு

எதை அளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சொலினாய்டின் பின்பக்கம் இரண்டு தடித்த போல்ட் இருக்கும். ஒன்றில் பேட்டரி வயர் வரும். இன்னொன்றிலிருந்து ஒரு குட்டைப் பட்டை மோட்டாருக்குள் போகும். சாவியைத் திருப்பிப் பிடித்தபடி, "டக்" சத்தம் வந்து எஞ்சின் சுற்றாமல் இருக்கிறபோது:

பேட்டரி மைனஸ் குமிழுக்கும் எஞ்சின் பிளாக்கிற்கும் நடுவே எவ்வளவு? இரண்டு தடித்த போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு? மோட்டார் பக்கத்துப் போல்ட்டுக்கும் பிளாக்கிற்கும் நடுவே எவ்வளவு?

இந்த மூன்று போதும். வழி எங்கே அறுந்திருக்கிறதோ, மொத்த வோல்டேஜும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். மடை அடைத்த வாய்க்கால் மாதிரி. அடைத்த இடத்துக்கு மேலே தண்ணீர் ஏறி நிற்கும், கீழே காய்ந்து கிடக்கும். மூன்றில் எங்கே 12 காட்டுகிறதோ அதுதான் அடைப்பு.

மே 18

செல்ஃப் எட்டாத வண்டிகளும் உண்டு, ஜாக்கி போட்டு அடியில் படுத்தால்தான் தெரியும். தயவுசெய்து ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். அந்த இரண்டு தடித்த போல்ட்டிலிருந்தும் இரண்டு வயரை நீட்டி மேலே கட்டி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் மேலிருந்தபடியே அளக்கலாம். அந்த வயருக்கும் முனையிலேயே சின்ன ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.

மே 22

மாட்டிக்கொண்டது! நேற்று மதியம் 2 மணிக்கு, கும்பகோணத்தில் மகாமகக் குளம் பக்கம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது. கூட அவருடைய மச்சான் இருந்தாராம், அவர் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்க இவர் அளந்திருக்கிறார். எர்த் பக்கம் சுத்தமாக 0. இரண்டு தடித்த போல்ட்டுக்கும் நடுவே 12.3. மோட்டார் பக்கம் ஏறக்குறைய 0.

அதாவது சொலினாய்டுக்குள் நகர்கிற இரும்புத் தண்டு, பிளஞ்சர், போய் முட்டுகிறது, "டக்" கேட்கிறது, ஆனால் உள்ளே இருக்கிற செம்புத் தகடு இரண்டு போல்ட்டையும் இணைக்கவில்லை. சொலினாய்டு கான்டாக்ட். மோட்டாருக்கு இதில் பங்கில்லை. முழு செல்ஃபையும் மாற்றத் தேவையில்லை.

மே 22, கொஞ்ச நேரம் கழித்து

ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார்பன் தேய்ந்திருந்தாலும் ஒரே டக் வராதா? கட்டையால் செல்ஃபைத் தட்டினால் எடுக்கிறதே, அது கார்பன்தானே?"

நல்ல கேள்வி. சொலினாய்டுக்குள் இரண்டு சுற்று உண்டு. ஒன்று இழுக்கிற சுற்று, தடித்த கம்பி. இன்னொன்று பிடித்துவைக்கிற சுற்று, மெல்லிய கம்பி. பிடிக்கிற சுற்றுக்கு எர்த் அதன் உடம்பிலேயே கிடைக்கிறது. இழுக்கிற சுற்றுக்கு எர்த் கிடைப்பது மோட்டாருக்குள் போய், கார்பன் வழியாக; சுற்றுகிற ஆர்மேச்சரை உரசிக்கொண்டு அதற்குக் கரண்ட் கொடுக்கிற கட்டைதான் கார்பன். கார்பன் ஆர்மேச்சரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் இழுக்கிற சுற்றுக்கே வழியில்லை. அப்போது "டக்" வராது, வந்தாலும் பலமில்லாமல் முனகும். பலமான "டக்" கேட்கிறது என்றால் கார்பன் வழி முழுசாக அறுந்துபோகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தட்டினால் எடுக்கிற வண்டியில் பெரும்பாலும் கார்பன்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். தட்டும்போது மெதுவாகத் தட்டுங்கள். இப்போதைய சின்ன செல்ஃப்களில் ஃபீல்ட் காயிலுக்குப் பதில் காந்தம் ஒட்டியிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் காந்தம் உடைந்து ஆர்மேச்சருக்குள் விழும். அப்படி உடைந்து வந்த ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

மே 26

தம்பி செல்ஃபைக் கழற்றி என் கடைக்கே எடுத்து வந்துவிட்டார். மேசையில் வைத்துப் பிரித்தோம்.

சொலினாய்டின் பின்மூடியில் இரண்டு வயரின் ஈயப் பற்றைச் சூடு காட்டி எடுத்தால் மூடி வரும். மூடியை விலக்கியதும் கரித்தூள் கொட்டியது, மை மாதிரி, விரலில் ஒட்டினால் போகாத கறுப்பு. செம்புப் போல்ட் தலைகள் இரண்டு. மோட்டார் பக்கத்துத் தலை ஓரளவு நன்றாக இருந்தது. பேட்டரி பக்கத்துத் தலை ஒரு ஓரத்தில் பிறை நிலா மாதிரி அரித்துப்போயிருந்தது. நடுத் தகடு, பத்து ரூபாய் நாணயம் அளவு, தட்டையாக இருக்க வேண்டியது, ஒரு பக்கம் குழி விழுந்து, குழியின் கரையில் செம்பு உருகி மணி மணியாக உறைந்திருந்தது. தகட்டை விரலால் சுற்றினால், சுற்றும். அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒரு தடவை நல்ல இடம் முட்டும், ஒரு தடவை குழி முட்டும். பத்து நாள் ஒன்றுமில்லை, ஒரே நாளில் மூன்று தடவை என்றாரே, அதற்கு அதுதான் கணக்கு.

சூட்டில் மட்டும் ஏன் என்று அவர் கேட்டார். செம்புக் கம்பி ஒரு டிகிரி சூடானால் அதன் தடை ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். காலையில் 30 டிகிரி, எஞ்சின் பக்கத்தில் வெந்து 90 டிகிரி என்று வைத்தால் சொலினாய்டு சுற்றின் தடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். கரண்ட் அதற்கேற்பக் குறையும், இழுக்கிற வலு குறையும். தகடு நல்லதாக இருந்தால் அந்தக் குறைந்த வலுவே போதும். அரித்துப்போன தகட்டுக்கு ஓங்கி ஒரு முட்டு வேண்டும்.

தகட்டைத் திருப்பிப் போட்டு, போல்ட் தலைகளை மட்டமாக அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டலாம். நான் அப்படிச் செய்து ஓடுகிற வண்டிகள் உண்டு. ஆனால் இதில் ஒரு தலை அதிகமாகப் போயிருந்ததால் புது சொலினாய்டு போடச் சொன்னேன். கார்பனையும் பார்த்தோம், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. செல்ஃபே கையில் இருக்கும்போது அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை, மாற்றிவிட்டோம். புஷ், பெண்டிக்ஸ் இரண்டும் நல்லது, பெண்டிக்ஸ் போகிற தண்டைத் துடைத்து மெல்லிசாக கிரீஸ் தொட்டு வைத்தேன். அங்கே அப்பிவிட்டால் கிளட்ச் தூசி சேர்ந்து சிக்கிக்கொள்ளும்.

ஜூன் 14

மேட்டூர் 12ஆம் தேதி திறந்துவிட்டார்கள். கடையில் மோட்டார் குவிகிறது, இரண்டு நாளாக எதையும் பார்க்க முடியவில்லை.

வேதாரண்யத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு. செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவதில்லை, ஆனால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டர் கேபிள் சுடுகிறது என்கிறார்.

கேபிள் சுடுகிறது என்ற ஒரு வார்த்தை போதும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே எர்த் பட்டை போய்விட்டால் 200 ஆம்பியரும் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள், கிடைத்த இரும்பு வழியாக எல்லாம் ஓடும். ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியிலேயே கிடைப்பதால் அது மங்காது. மே 9 இரவு நான் சொன்ன நோய் இந்த வண்டிக்குத்தான்.

ஜூன் 16

வேதாரண்யத்துக்காரர் பட்டையைக் கழற்றிப் படம் எடுத்திருக்கிறார். வெளியே பார்த்தால் பட்டை முழுசாக இருக்கிறது. கையால் மடக்கியதும் களிம்பு பிடித்த பச்சைத் தூளாக உதிர்ந்துவிட்டது. உப்புக் காற்று வயரின் உறைக்குள்ளேயே ஏறும். அங்கே உள்ளவர்கள் லக், அதாவது வயர் முனையில் போல்ட் போகிற வளையம், அதன் பக்கத்தில் உறையைக் கொஞ்சம் சீவிப் பார்க்க வேண்டும், செம்பு கறுத்திருந்தால் சுரண்டிப் பயனில்லை, புது வயர்தான்.

புதுப் பட்டை போடும்போது போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் போகும்வரை உப்புத்தாள், மாட்டி இறுக்கின பிறகு மேலே வாசலின். வாசலினை முதலில் தடவி அதற்கு மேல் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உலோகம் உலோகத்தோடு சேர்ந்த பிறகு பூசுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. திருவையாறு போயிருந்தோம். காப்பரிசி, கலந்த சாதம் எல்லாம் முடித்து, பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு கரையேறி வந்தால் என் தம்பி மாப்பிள்ளையின் ஆட்டோமேட்டிக் வண்டி எடுக்கவில்லை. சத்தமே இல்லை. அவர் போனை எடுத்து சர்வீஸுக்குக் கூப்பிடப் போனார். "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம், பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லிவரை N-க்குக் கொண்டாந்து திருப்பிப் பாருங்க" என்றேன். எடுத்துக்கொண்டது. P-யில் இருக்கிறதா என்று பார்க்கிற சுவிட்ச் இடம் பிசகியிருக்கிறது.

பட்டன் அமுக்குகிற வண்டிகளில் இன்னொன்று. பிரேக் மிதிப்பது தெரிந்தால்தான் அது ஸ்டார்ட் பண்ண விடும். பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். கையால் கியர் போடுகிற பல புது வண்டிகளில் இதே வேலையைக் கிளட்ச் சுவிட்ச் செய்கிறது. பெடலுக்கு அடியில் மிதியடி சுருண்டு மடங்கிக் கிடந்தால்கூட பெடல் முழுக்க இறங்காமல் எடுக்காது.

(லிவர் பக்கத்தில் போட்டிருக்கிற எழுத்துகளில் N என்றால் நியூட்ரல், P என்றால் பார்க்கிங்.)

ஆகஸ்ட் 5

செல்ஃப் பேச்சு வந்ததால் என் பெரியப்பா ஞாபகம். அம்பாசிடர் வைத்திருந்தார். காலையில் எடுக்காவிட்டால் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். எங்களைச் சுற்ற விடமாட்டார். விட்ட ஒரே ஒரு நாள், கட்டை விரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைக்கச் சொன்னார், பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போக வேண்டும், கட்டை விரலைக் கொண்டு போகக் கூடாது. அப்படிக் கை ஒடிந்தவர்கள் அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார செல்ஃப் 1912 மாடல் கேடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்தப் பயம் குறைய ஆரம்பித்தது. ஒரு சின்ன மோட்டார் சில விநாடி மட்டும் அதிக கரண்டை வாங்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் பிடித்த சூட்சுமம். இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது.

அக்டோபர் 11

குறுவை அறுப்பு முடிந்த வயலில் எலிக்கு இனி என்ன இருக்கிறது? வரப்பிலிருந்து வீட்டுக்கு வருகிறது, வீட்டில் சூடாக இருக்கிற இடம் கார் பானட். இந்த மாதம் மட்டும் மூன்று வண்டி பார்த்துவிட்டேன். ஒன்றில் சொலினாய்டுக்குப் போகிற சின்ன வயரை ஒரு பக்கம் மட்டும் கடித்திருந்தது. ஏழெட்டு இழையில் இரண்டு மிச்சம். டெஸ்ட் லைட் எரியும், செல்ஃப் எடுக்காது. மே 13இல் சொன்ன என் சாவி சுவிட்ச் கதையேதான், இடம்தான் வேறு. பானட்டைத் திறந்தால் பேட்டரி தட்டில் நெல் உமியும் வைக்கோலும் கிடந்தால் வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள், கண்ணை விட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

மருந்து வைத்தால் எலி எங்காவது உள்ளே போய்ச் செத்து ஒரு வாரம் நாறும். வயலில் வைக்கிற மூங்கில் கிட்டியை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் கிட்டி வைக்கிற பெரியவர் ஒரே ராத்திரியில் நான்கு பிடித்தார். குழந்தைகள், கோழி இருக்கிற வீட்டில் விடிந்ததும் எடுத்துவிட வேண்டும், மூங்கில் வில் விரலையும் விடாது.

நவம்பர் 8

மழை பிடித்துக்கொண்டது. மன்னார்குடித் தம்பி எழுதியிருக்கிறார். மே மாதத்திலிருந்து ஒரு தடவைகூட மறுக்கவில்லையாம். போன வாரம் கும்பகோணம் வரும்போது நீடாமங்கலத்தில் கேட் மூடியிருந்ததாம். இத்தனை நாளாக அங்கே எஞ்சினை நிறுத்தாமலேயே காத்திருந்திருக்கிறார். அன்றைக்கு நிறுத்தினாராம். கேட் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு தடவை எடுத்துப் பார்த்து, நிறுத்தி, மறுபடி எடுத்துப் பார்த்தாராம்.

வழியில் அளப்பதற்காக நீட்டிக் கட்டின அந்த இரண்டு வயரையும் இப்போது கழற்றிவிடலாமா என்று கேட்கிறார். உறை உரசாத இடத்தில் கட்டியிருந்தால், முனையில் ஃபியூஸ் இருந்தால், இருக்கட்டும் தம்பி. முனையில் மட்டும் டேப் சுற்றிவிடுங்கள்.